இங்கிலீஷ்டவுன் டிராக் பற்றிக் கேட்ட தண்டையார்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, தண்டையார்பேட்டை என்று எழுதியிருக்கிறாய், அதனால் உரிமையோடு நீ என்றே பேசுகிறேன். நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, பக்கத்து இங்கிலீஷ்டவுனில் டிராக் ரேஸ், அதாவது நேர்கோட்டில் இரண்டிரண்டு வண்டியாக விரட்டும் பந்தயம், நடக்கும் என்று ஊரிலேயே கேள்விப்பட்டேன், இங்கே யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள், இருக்கிறதா இல்லையா என்று கேட்டிருந்தாய்.

இல்லை. 1965-இல் தொடங்கிய ரேஸ்வே பார்க் அது. 2018 ஜனவரியில் டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள்.

இதில் என் கை கொஞ்சம் கறை. 2009-இல் அந்தப் பக்கம்தான் வீடு வாங்கினேன். ஏஜென்ட் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிப்போய்க் காட்டினார், குருவிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. குடியேறிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சத்தம் தாங்கவில்லை என்று தெருவில் ஒரு மனு சுற்றி வந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். என் மனைவி காசிமேட்டுக்காரி. "மீன் மார்க்கெட் எதிர்ல வீடு வாங்கிட்டு நாத்தம்னு அழுவுறியே, அவன் உனக்கு முன்னாடி வந்தவன்யா" என்றாள். அப்புறம்தான் வெட்கப்பட்டு ஒருநாள் டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். டயர் புகை மூக்கில் ஏறியதும் சின்ன வயசில் அப்பா ஸ்கூட்டரில் செங்குன்றம் தாண்டிக் கூட்டிப்போன சோழவரம் ஞாபகம் வந்துவிட்டது. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், இருங்காட்டுக்கோட்டையில் டிராக் வரும்வரை நம்ம மெட்ராஸ் ரேஸ் எல்லாம் அங்கேதான்.

இங்கிலீஷ்டவுன் மூடியதற்கு எங்கள் மனுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொதுவாக நடப்பது இதுதான்: ஊருக்கு வெளியே காட்டில் டிராக் போடுவார்கள், ஊர் வளர்ந்து வேலி வரை வரும், புகார் வரும், இரவில் ஓட்டாதே என்பார்கள், நிலத்தின் விலை நுழைவுச் சீட்டு வருமானத்தைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்கு ஏறிவிடும், வயசான முதலாளி விற்றுவிடுவார். லாஸ் ஏஞ்சல்ஸ் ஹார்பர் ஓரம், நம்ம ராயபுரம் மாதிரி இடம், அங்கே 1955-இல் திறந்த லயன்ஸ் டிராக் சத்தப் புகாராலேயே 1972-இல் மூடியது. டென்வர் பக்கம் பாண்டிமியர், இதே நியூ ஜெர்சியில் ஆட்கோ, இரண்டும் 2023-இல் போயின.

சரி, உனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வடக்கே கிரேட் மெடோஸில் ஐலண்ட் டிராக்வே இருக்கிறது, எடிசனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். பென்சில்வேனியாவில் ரெடிங் பக்கம் மேப்பிள் குரோவ். 'டெஸ்ட் அண்ட் டியூன்' நாளாகப் பார்த்துப் போனால் சொந்த வண்டியையே ஓட்டலாம். வண்டியைச் சோதித்துத்தான் விடுவார்கள், ஹெல்மெட் எடுத்துப் போ. கால் மைல், அதாவது 402 மீட்டர், முடித்ததும் எத்தனை விநாடி, என்ன வேகம் என்று சீட்டு கையில் தருவார்கள். அந்தச் சீட்டை நான் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன், எத்தனை விநாடி என்று மட்டும் கேட்காதே.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ராத்திரி முறுக்கிய மாதிரி இங்கே ரோட்டில் முறுக்காதே. விசாவில் இருப்பவன் கோர்ட் வாசலை மிதித்தால் வக்கீல் பணத்துக்கே சம்பளம் போய்விடும்.

போகிற வாரம் சொல், நானும் வருகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும், காதுக்குப் பஞ்சு மட்டும் நீ கொண்டு வா.