'கோச்': பெட்டியும் பயிற்சியாளரும்

வணக்கம். ரயில் பெட்டியும் விளையாட்டுப் பயிற்சியாளரும் ஒருசேர 'கோச்' எனப்படுவதால், இவை ஒலியொத்த இருவேறு சொற்களா என்று மொழிபெயர்ப்பில் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். சொல் ஒன்றுதான். ஹங்கேரியில் கொச் என்னும் சிற்றூரில் 15ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட குதிரை வண்டி, 'கொச் ஊரைச் சேர்ந்தது' என்று பொருள்படும் 'கொச்சி' என்ற பெயரால் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டு, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. (ஹங்கேரியர் இன்று காரையும் 'கொச்சி' என்றே சொல்கிறார்கள்.) ரயில் வந்தபின் பெயர் பெட்டிக்குத் தாவியது. சுவையான திருப்பம் 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்ந்தது: தேர்வில் கரையேறும் வரை மாணவனைச் சுமந்து செல்லும் தனியாசிரியரை அங்கே வேடிக்கையாக வண்டி என்றார்கள்; 1860களில் அவ்வழக்கு விளையாட்டுக்கும் பரவியது. ஆகவே, தங்கள் பத்தியில் அது சக்கரத்தில் ஓடினால் 'பெட்டி' என்றும், விசில் ஊதினால் 'பயிற்சியாளர்' என்றும் தயங்காமல் எழுதலாம்.