ராஸ்பெர்ரி பையில் விமானத் தடம்: கேள்வி பதில்

தலைக்கு மேலே பறக்கும் விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சமிக்ஞையை, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியைக் கொண்டு வீட்டிலேயே பிடித்து வரைபடத்தில் காண்பதைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றையும் என்னுடைய விடைகளையும் கீழே தருகிறேன்.

கேள்வி: என்னிடம் பழைய ராஸ்பெர்ரி பை 3 ஒன்று சும்மா கிடக்கிறது ஐயா. அது போதுமா, புதிதாக வாங்க வேண்டுமா?

தாராளமாகப் போதும். விமானம் தன் அடையாளம், இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவற்றை 1090 மெகாஹெர்ட்ஸில் தானாகவே அறிவித்துக்கொண்டே செல்கிறது. இருப்பிடத்தை மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 2 முறை சொல்கிறது. ஒவ்வொரு செய்தியும் 112 பிட் நீளமுடையது. 120 மைக்ரோ நொடியில் முடிந்துவிடும். யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்ற குட்டி ரேடியோ ரிசீவர் அலையை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அளந்து எண்களாக அனுப்ப, அந்த எண்களில் துடிப்புகளைத் தேடி எடுப்பதுதான் கணினியின் வேலை. இதற்கு பை 3 திணறுவதில்லை. புதிதாக வாங்க வேண்டியது ஆர்டிஎல்2832யு சில்லும் ஆர்820டி2 டியூனரும் உள்ள ஒரு டாங்கிள். மிச்சப் பணத்தை ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பலன் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: இயங்குதளத்தை ஏற்றிவிட்டேன். பழைய குறிப்பில் உள்ளபடி ‘பை’ என்ற பெயரும் ‘ராஸ்பெர்ரி’ என்ற கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே விட மறுக்கிறது. ஏன்?

2022 ஏப்ரல் முதல் அந்தப் பொதுப் பயனர் கணக்கு நீக்கப்பட்டுவிட்டது. மெமரி கார்டில் எழுதும்போதே, இமேஜர் செயலியின் அமைப்புகளில் உங்களுக்கென்று ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, வைஃபை விவரத்தை நிரப்பி, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வசதியையும் இயக்கிவிடுங்கள். திரையும் விசைப்பலகையும் இல்லாமலே பெட்டியை மாடியில் வைத்துவிட்டுக் கீழே இருந்து வேலை செய்யலாம். வரைகலைத் திரை இல்லாத ‘லைட்’ பதிப்பே போதுமானது.

கேள்வி: டாங்கிளைச் செருகியிருக்கிறேன். விமானச் செய்திகளைப் பிரித்தெடுக்கும் டம்ப்1090 நிரல் தொடங்கும்போது சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்கிறது. டாங்கிள் பழுதா?

பெரும்பாலும் பழுதாக இராது. அந்தச் சில்லு தொலைக்காட்சி பார்ப்பதற்காகப் பிறந்தது. ஆகவே லினக்ஸ் அதைக் கண்டதும் டிவி டிரைவரை ஏற்றிப் பிடித்துக்கொள்கிறது. அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினால் சரியாகும். ரீட்எஸ்பி (டம்ப்1090 போன்றதொரு நிரல்), பைஅவேர் (ஃப்ளைட்அவேர் தளத்துக்குத் தரவு அனுப்பும் நிரல்) ஆகியவற்றை அவற்றின் சொந்த நிறுவியைக் கொண்டு ஏற்றினால் இதை அவையே செய்துவிடும்.

அது இல்லையென்றால், வேறொரு நிரல் டாங்கிளை முன்பே எடுத்துக்கொண்டிருக்கும். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் என்ற விமானத் தட இணையதளங்கள் இரண்டுக்கும் தரவு அனுப்ப விரும்புகிறவர்கள் வழக்கமாக இங்கேதான் இடறுகிறார்கள். ஒரு டாங்கிளை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பயன்படுத்த முடியும். ரீட்எஸ்பி அல்லது டம்ப்1090, இரண்டில் ஒன்றை மட்டும் டாங்கிளுடன் பேச விடுங்கள். மற்ற அனுப்பும் நிரல்கள் எல்லாம் 30005 என்ற போர்ட்டில் (வலையமைப்பு வாயிலில்) ‘பீஸ்ட்’ என்ற தரவு வடிவத்தில் வரும் தரவை அதனிடமிருந்து பெற்றுக்கொள்ளட்டும். ஃப்ளைட்ரேடார்24 நிரல் ரிசீவர் வகையைக் கேட்கும்போது டாங்கிளைத் தேர்ந்தெடுக்காமல் பீஸ்ட் வகையைத் தேர்ந்தெடுத்து, அந்த ஒற்றை நிரல் ஓடும் கணினியின் முகவரியையும் இந்தப் போர்ட் எண்ணையும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடுகிறது. பிறகு டாங்கிள் காணாமல் போகிறது, சில சமயம் கணினியே நின்றுவிடுகிறது. மென்பொருளை மூன்று முறை புதிதாக ஏற்றிவிட்டேன்.

நான்காம் முறை ஏற்ற வேண்டாம், முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். நானும் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். பழைய கைப்பேசிச் சார்ஜர் ஒன்றை மாட்டிவிட்டு, ஒரு மாதம் முழுவதும் மென்பொருளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மெமரி கார்டுகள் அதில் கெட்டுப்போயின. ஒரு நாள் இரவு விளக்கை அணைத்த பிறகுதான், பையின் சிவப்பு விளக்கு நிலையாக எரியாமல் அவ்வப்போது அணைந்து அணைந்து எரிவதைக் கவனித்தேன். மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது அந்த விளக்கு அணையும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கணினியின் பதிவேட்டிலும் மின்னழுத்தக் குறைவு என்ற எச்சரிக்கை வரிசையாக விழுந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் மின்வழங்கியும், பை 4-க்கு 3 ஆம்பியர் தருவதும் வேண்டும். சார்ஜரின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய நீண்ட யுஎஸ்பி வயர் வழியிலேயே அரை வோல்ட்டைத் தின்றுவிடும். மாடியில் வைக்க வேண்டுமென்று வயரை நீட்டிக்கொண்டு போனால் இதுதான் நடக்கும். டாங்கிள் தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடாவது இயல்பு. ஆனால் காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் வெயிலில் அடைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: நான் கோவையில் இருக்கிறேன். கிழக்கே 350 கி.மீ. வரை விமானங்கள் தெரிகின்றன. மேற்கே 200 கி.மீ. கூடத் தாண்டவில்லை. கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. உங்களுக்கு மேற்கே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. 1090 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் வரும். மலையைச் சுற்றியும் வராது, ஊடுருவியும் வராது. விமானங்களை உலாவியில் காட்டும் டார்1090 வரைபடத்தில் உங்கள் ரிசீவர் எட்டிய எல்லையைக் கோடாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதை இயக்கிச் சில நாள் விட்டுவைத்தால், பாலக்காட்டுக் கணவாய் இருக்கும் திசையில் மட்டும் அந்தக் கோடு விரல் நீட்டியதுபோல் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதைக் காண்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். மலையின் வடிவத்தை விமானங்களைக் கொண்டே வரைந்து பார்ப்பது இது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த காட்சியும் அதுதான்.

கேள்வி: சென்னையிலிருந்து போர்ட் பிளேர் செல்லும் விமானம் நடுக்கடலில் மறைந்துவிடுகிறதே? அங்கே மலை ஏதும் இல்லையே.

அங்கே மறைப்பது பூமியின் வளைவு. விமானத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அது தெரியக்கூடிய தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 35,000 அடி, அதாவது சுமார் 10,700 மீட்டர் உயரத்துக்கு இது ஏறக்குறைய 425 கி.மீ. உங்கள் ஆன்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் இன்னொரு 13 கி.மீ. கூடும். 1,000 மீட்டருக்கு இறங்கிவிட்ட விமானம் 130 கி.மீட்டருக்குள் இருந்தால்தான் தெரியும். அதற்கப்பால் எந்த விலையுள்ள கருவி வாங்கினாலும் பயனில்லை. நடுக்கடலில் இரிடியம் செயற்கைக்கோள்களில் பொருத்திய ரிசீவர்கள்தான் கேட்கின்றன.

கேள்வி: ஆன்டெனாவை நானே செய்யலாமா? கேபிள் எது நல்லது?

செய்யலாம், முதல் ஆன்டெனாவை அவசியம் கையால் செய்யுங்கள். 1090 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 27.5 செ.மீ. அதில் கால் பங்கு 69 மி.மீ. தடித்த செம்புக் கம்பியில் அந்த அளவுக்கு ஒரு துண்டை நேர்குத்தாக ஒரு கேபிள் இணைப்பானின் நடுமுனையில் பற்றவையுங்கள். அதே அளவில் நான்கு துண்டுகளை அடிப்புறத்தில் நான்கு திசைக்கும் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துப் பற்றவைத்தால் முடிந்தது. டாங்கிளுடன் வரும் குட்டி ஆன்டெனாவை ஜன்னலில் வைப்பதற்கும் இதை மொட்டை மாடியில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கே பார்ப்பீர்கள்.

கேபிளைப் பொறுத்தவரை, டிஷ் டிவிக்குப் பயன்படும் ஆர்ஜி-6 போதும். அது 75 ஓம் ஆயிற்றே, டாங்கிள் 50 ஓம் ஆயிற்றே என்று பலர் தயங்குகிறார்கள். அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு மிக அற்பம்; மெல்லிய 50 ஓம் கேபிளின் நீளத்தில் போவது அதைவிட அதிகம். கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

இணைப்பான்களில் நீர் புகாமல் காப்பதுதான் நம் ஊரில் பெரிய வேலை. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு என் ரிசீவரின் எல்லை பாதியாகச் சுருங்கியது. மாடியில் இணைப்பானைத் திருகிப் பார்த்தபோது நடுக்கம்பி முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது, கேபிளின் உலோக வலைப்பின்னல் ஈரத்தில் கறுத்திருந்தது. அன்று முதல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரண டேப்பும் சுற்றுகிறேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இடிமழை வருவதற்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: வீடு மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அருகில். தூரத்து விமானம் தெரிகிறது, தலைக்கு மேல் இறங்குவது விட்டுவிட்டுத் தெரிகிறது. இது எப்படி?

கெயின் மிகுதி. அருகிலுள்ள விமானத்தின் சமிக்ஞை டாங்கிளுக்குத் தாங்க முடியாத வலுவுடன் வந்து, துடிப்புகள் ஒன்றோடொன்று கலங்கிவிடுகின்றன. உச்சமான 49.6 டெசிபெலில் வைத்திருந்தால் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் விட்டு ஒப்பிடுங்கள். அண்மையில் கைப்பேசிக் கோபுரம் இருந்தால் 1090 மெகாஹெர்ட்ஸுக்கான வடிகட்டி ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: பட்டியலில் உயரம் மட்டும் காட்டி, வரைபடத்தில் வராத விமானங்கள் எவை?

இரண்டு வகை. புதிதாக எல்லைக்குள் வந்த விமானத்தின் இருப்பிடத்தைக் கணிக்க ‘இரட்டை’, ‘ஒற்றை’ எனப்படும் இரண்டு செய்திகளும் சேர்ந்து கிடைக்க வேண்டும், அதுவரை காத்திருக்கும். மற்றவை இருப்பிடத்தையே அறிவிக்காமல், ரேடாரின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்பவை. வழக்கமாக நான்கு நிலையங்கள் ஒரே செய்தியைக் கேட்டால், அது வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைக் கொண்டு இவற்றின் இடத்தைக் கணக்கிடலாம். எம்லாட் என்பது அதுவே. ஒரு மைக்ரோ நொடியில் அலை 300 மீட்டர் ஓடிவிடும். ஆகையால் அமைப்பின்போது உங்கள் ஆன்டெனாவின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் தோராயமாகப் போடாதீர்கள். நீங்கள் தவறாகக் கொடுத்தால், உங்களோடு சேர்ந்து கேட்கும் பக்கத்து நிலையங்களின் கணக்கும் கெடும்.