எடை அதிகமா? அப்படியானால் பரிசோதனையும் அதிகம் வேண்டும்

கேள்வி: எனக்கு வயது 39, எடை 94 கிலோ. ஒரு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் வரை நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு டாக்டர்களிடம் போனேன். இருவருமே "முதல்ல உடம்பைக் குறைச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. மறுபடி போகவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சத்தைத் தள்ளி வையுங்கள், இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இப்படி ஒரு பெண் வந்து சொன்னால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலே ரத்தசோகையா என்று ஓரளவு தெரிந்துவிடும், அரை நிமிட வேலை. அதைக்கூடச் செய்யாமல் எடையை மட்டும் பேசி அனுப்பியது தவறு.

உண்மையில் உங்கள் எடையால்தான் பரிசோதனை இன்னும் அவசரமாகிறது. கருப்பையின் உள்சவ்வை வளரவைக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலும் உருவாகும். கருமுட்டை ஒழுங்காக வெளிவராத மாதங்களில் அதற்கு ஈடுகொடுத்து அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்காது, அதனால் அந்த உள்சவ்வு தடித்துக்கொண்டே போய், உதிரும்போது இப்படி நாள்கணக்கில் போகும். இது மாத்திரையிலேயே சரியாகிவிடுவது உண்டு. ஆனால் சிலருக்கு அந்தத் தடிப்பு புற்றுநோய் வரை போகலாம். அதனால்தான் 45 வயதுக்குள் இருந்தாலும், எடை கூடுதலான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நீடித்தால் சவ்வில் துளி எடுத்து பயாப்சி பார்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறோம். எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வருடம் காத்திருக்கிற விஷயமா இது?

குண்டாக இருப்பவர் வந்தால் எல்லா தொந்தரவுக்கும் எடைதான் காரணம் என்று முடிவுகட்டுவது எங்கள் தொழிலில் நிஜமாகவே இருக்கிறது. 2020இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து நேச்சர் மெடிசின் என்ற மருத்துவ ஆய்விதழில் இதற்கு எதிராகக் கூட்டறிக்கையே வெளியிட்டார்கள். சோம்பேறித்தனத்தாலும் வாய்க்கட்டுப்பாடு இல்லாததாலும்தான் எடை கூடுகிறது என்ற நினைப்பு அறிவியலுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். அவமானப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருந்துவிடுகிறார்கள், நீங்கள் இப்போது தயங்குவதைப் போல.

பிரஷர் பார்ப்பதில்கூட இந்த அலட்சியம் உண்டு. பருமனான கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் ரீடிங் கூடுதலாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டை மேல் அளவைச் சராசரியாகக் கிட்டத்தட்ட 20 கூட்டிக் காட்டியது. 125 இருப்பவருக்கு 145 என்று எழுதி மாத்திரையும் ஆரம்பித்துவிடுவார்கள், பாருங்கள். மேல்கையின் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால் "பெரிய பட்டை இருக்கா சிஸ்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

சரி, எடை குறைக்க வேண்டாமா? வேண்டும். குறைத்தால் மாதவிலக்கு சீராகவும் உதவும், சர்க்கரை வரும் ஆபத்தும் குறையும். ஆனால் ஹீமோகுளோபின் 7, 8 என்று கிடக்கிறவரை தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னால் எப்படி நடப்பார்? முதலில் ரத்தம் ஏறட்டும்.

போகும்போது, ரத்தப்போக்கு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று மூன்று மாதக் கணக்கை எழுதி எடுத்துப் போங்கள். ஹீமோகுளோபின் (12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை), ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் டெஸ்ட்), தைராய்டு, சர்க்கரை, கர்ப்பப் பரிசோதனை, கருப்பை ஸ்கேன் இவை வேண்டும். அரசு மருத்துவமனையிலும் பார்க்கலாம். மறுபடி எடைப் பேச்சுதான் என்றால், "எடைக்கும் வழி சொல்லுங்க டாக்டர், ஒல்லியா இருக்கிறவங்க இதே தொந்தரவோட வந்தா என்ன டெஸ்ட் எழுதுவீங்களோ அதையும் எனக்கு எழுதுங்க" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மறுத்தால் அதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.