விமானம் நேரத்துக்குக் கிளம்பியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறோம். மகனுக்குக் கப்பல் வேலை. அடுத்த மாதம் ஒரு நாள் காலை 10 மணிக்கு மும்பையில் கம்பெனி ஆபீஸில் இருக்க வேண்டும். போன தடவை கதவை மூடி, விமானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, முக்கால் மணி நேரம் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆப்பில் பார்த்தால் ‘சரியான நேரத்தில் புறப்பட்டது’ என்று இருக்கிறது. ‘நேரம் தவறாமையில் முதலிடம்’ என்று விளம்பரம் வேறு. இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்? எதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது? ரத்தானால் என்ன கிடைக்கும்?

பதில்: ஆப் பொய் சொல்லவில்லை. விமானத் துறையில் ‘புறப்பட்ட நேரம்’ என்பது சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து, பிரேக்கை விட்டு, நின்ற இடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நிமிடம்தான் அது. வந்து சேர்ந்த நேரமும் அப்படியே: நிற்கும் இடத்துக்கு வந்து நின்ற நிமிடம். நகர்ந்த பிறகு ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருந்தால், உங்கள் மகனுக்கு அது தாமதம், புறப்பாட்டுக் கணக்கில் இல்லை. ஐரோப்பாவில் இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2014-ல் நீதிமன்றமே தலையிட்டு, குறைந்தது ஒரு கதவாவது திறக்கும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று சொல்ல வேண்டி வந்தது. பயணி பக்கம் நின்று யோசித்தால் அதுதான் நியாயம்.

அப்புறம் ஒரு பதினைந்து நிமிடக் கணக்கு. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் என்றால் ‘நேரத்துக்கு’ என்று எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் 16 நிமிடமும் ஒன்றுதான், ஐந்து மணி நேரமும் ஒன்றுதான். கணக்கில் இரண்டுமே தலா ஒரு தாமதம். ஆகவே 80 சதவீதம் என்று ஒருவர் சொன்னால், மீதி 20 எவ்வளவு மோசம் என்பது அந்த எண்ணில் இருக்காது.

அட்டவணை நேரத்தையும் ஏர்லைன்தான் போடுகிறது. சென்னையிலிருந்து மும்பைக்கு வானில் இருப்பது ஒன்றரை மணி நேரத்தை ஒட்டித்தான். டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் அளவுக்குப் போட்டிருக்கும். தரையில் ஊர்ந்து போகும் நேரம் போக, கொஞ்சம் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம்கூடச் சில சமயம் ‘முன்கூட்டியே’ தரையிறங்கி, விமானப் பணிப்பெண் பெருமையாக அறிவிக்கிறார்.

நம் நாட்டில் இந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிடுவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ. அந்தச் சதவீதம் எல்லா ஊரையும் சேர்த்தது அல்ல, பெரிய விமான நிலையங்களை மட்டும் வைத்துப் போடுவது. பல வருடங்கள் டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று நான்கைத்தான் எடுத்தார்கள். சென்னை அதில் கிடையாது. எனவே விளம்பரத்தில் ‘முதலிடம்’ என்று பார்த்தால், எந்த மாதம், எந்தெந்த ஊர் என்று தேடுங்கள். சிறிய எழுத்தில் கீழே இருக்கும்.

நான் பார்க்கச் சொல்வது அதே அறிக்கையின் மற்ற அட்டவணைகளை. ரத்து விகிதம் தனியாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதத்தில் மாட்டிய பயணிகள் எத்தனை பேர், ஏர்லைன் அவர்களுக்காக எவ்வளவு செலவழித்தது என்பதும் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் ரத்தான விமானமும் மொத்தத்தில் சேர்ந்து, நேரம் தவறாமைச் சதவீதத்தை இறக்கும். இங்கே இரண்டையும் நாமே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு எல்லை உண்டு. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் ஓய்வு பற்றிய புது விதிக்கு ஆள் போதாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பழைய மாதச் சதவீதத்தைப் பார்த்து அதை யாரும் ஊகித்திருக்க முடியாது.

சரி, எதைப் பார்த்து டிக்கெட் எடுப்பது? ஏர்லைனின் பெயரைவிட அந்த விமானத்தின் அன்றைய ஓட்டத்தைப் பாருங்கள். தாமதக் காரணங்களில் பெரும்பங்கு, முந்தைய ஊரிலிருந்து விமானம் தாமதமாக வந்ததுதான். இதற்கு உலகம் முழுக்க ஒரே குறியீட்டு எண்கூட உண்டு: 93. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் காலை டிரிப் மாட்டிய பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்க அந்த பஸ்ஸின் எல்லா டிரிப்பும் தள்ளித்தான் போகும். இரவே சென்னையில் வந்து நிற்கும் விமானம் விடிகாலையில் கிளம்பும்போது இந்தச் சிக்கல் குறைவு. ஃபிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களாக அது உண்மையில் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியும். தேசிய சதவீதத்தைவிட அந்தச் சில வரிகள் உங்களுக்கு உதவும்.

ஆனால் 10 மணி வேலைக்கு அன்று காலை விமானமே வேண்டாம். முந்தைய நாள் மதியம் கிளம்புவதை எடுங்கள். அது ரத்தானாலும் மாலையில் வேறு விமானம் பிடிக்க வழியிருக்கும். உங்கள் பக்கத்து விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு நேர் மெட்ரோ இருப்பதால் பகல் நேரம் உங்களுக்கும் வசதி.

ரத்து பற்றிய விதி இது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து என்று சொன்னால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம் தவிர இழப்பீடும் உண்டு. டிக்கெட்டில் போட்ட பயண நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. எது குறைவோ அது. மும்பை டிக்கெட்டில் 2 மணி நேரமா, 2 மணி 5 நிமிடமா என்பதே இங்கே உச்சவரம்பை மாற்றிவிடும்! வெறும் தாமதத்துக்கு இங்கே ரொக்கம் கிடையாது. இரண்டரை மணி வரையிலான பயணத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் கேட்கலாம். சாப்பாட்டுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: உரிய நேரத்தில் செக்-இன் செய்திருக்க வேண்டும். ‘லேட்’ என்று எஸ்.எம்.எஸ். வந்தது என்பதற்காக வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வானிலை போன்ற, ஏர்லைன் கையில் இல்லாத காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. மிக்ஜாம் புயலின்போது 2023-ல் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஜனவரி என்றால் போகி காலையைத் தவிருங்கள். நாம் எரிக்கும் பாயும் டயரும் ஓடுபாதையை மறைத்து, முன்பு பல விமானங்களைத் தள்ளிப்போட வைத்திருக்கிறது.

மண்ணடியில் ஏஜென்ட் மூலம் எடுப்பதாக இருந்தால், டிக்கெட்டில் மகனின் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல ஏஜென்ட்டுகள் தங்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். தகவல் அனுப்பப் பயணியின் தொடர்பு விவரம் இல்லை என்றால் ஏர்லைன் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. ரத்தானால், வந்த எஸ்.எம்.எஸ்.ஸை நேரத்தோடு படம் எடுத்து வைத்து, காரணத்தை மின்னஞ்சலில் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். முதலில் ஏர்லைனுக்குப் புகார். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் அதே படங்களோடு பதிவு செய்யலாம்.