சென்னையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: சிங்கப்பூர் டிக்கெட்டில் இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறினால் 9.30க்கே சென்னையாம். அப்பா முதல் தடவை விமானம் ஏறுகிறார், எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது, அதனால் போகும்போது ஏழு மணி நேரத்தில் இரண்டரையைக் கழியுங்கள், நாலரை. வரும்போது ஒன்றரையோடு இரண்டரையைக் கூட்டுங்கள், நாலு. தூரம் சுமார் 2,920 கி.மீ. அப்பா சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் என்றால் எந்த ஊர் நேரப்படி போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம் தேதி. 15ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும், இதில் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கே: 2,920ஐ 850 கி.மீ. வேகத்தால் வகுத்தால் மூன்றரை மணி நேரம்கூட வரவில்லையே?

850 என்பது மேலே ஏறி நிதானத்துக்கு வந்த பிறகு உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது குறைவு. டிக்கெட் கணக்கோ விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

கே: யாழ்ப்பாணம் கொழும்பைவிடக் கிட்டத்தானே, ஏன் நேரம் குறையவில்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலி நேர்கோட்டில் 355 கி.மீ. அளவுதான், கொழும்பின் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சுமார் 645 கி.மீ. ஆனாலும் இரண்டுக்கும் ஒன்றேகால் மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. கொழும்புக்குப் போவது ஜெட், பலாலிக்குப் போவது மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் ஏடிஆர் என்ற விசிறி விமானம். 2019இல் அந்த நிலையம் சர்வதேச விமானங்களுக்குத் திறந்தபோது முதலில் வந்து இறங்கியதும் இந்த ரகம்தான். குட்டை ஓடுபாதைக்கு அதுதான் தோது. ஊர் யாழ்ப்பாணம் என்றால் நேரக் கணக்கே பார்க்காதீர்கள். கட்டுநாயக்கவில் இறங்கி ரோட்டில் வடக்கே போக இன்னும் ஆறேழு மணி நேரம் ஆகும்.

கே: லண்டன் போக ஏன் அதிக நேரம், வரக் குறைவு?

காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று அடிக்கிறது, குளிர்காலத்தில் பலமாக. சுமார் 8,200 கி.மீ. தூரத்தில் எதிர்க்காற்றுக்கும் முதுகுக்காற்றுக்கும் ஒரு மணி நேரம்வரை வித்தியாசம் வரும். ஊர் நேர வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரம் பயணம் என்றால் இறங்கும் நேரத்தை இன்னொரு முறை பாருங்கள்.