பருத்தி இலை வெண்டை இலை மாதிரி ஆயிடுச்சு, டப்பால இருக்கிற "எஸ்டர்"னா என்ன?

கேள்வி: அண்ணே வணக்கம், பெரம்பலூர் பக்கம் மானாவாரி பருத்தி, 45 நாள் பயிர். பக்கத்து காட்டுல எங்க பங்காளி மக்காச்சோளத்துக்கு களைக்கொல்லி அடிச்சாரு. காத்து இல்லாத நேரமா பாத்து காலைலயேதான் அடிச்சாரு, நானும் வரப்புல நின்னு பாத்தேன். ஆனா ஒரு வாரத்துல என் பருத்தில கொழுந்து இலையெல்லாம் வெண்டை இலை மாதிரி விரல் விரலா வருது. டப்பால 2,4-டி எத்தில் எஸ்டர் 38 இசின்னு போட்டிருக்கு. கடைக்காரர கேட்டா எல்லா 2,4-டியும் ஒண்ணுதாங்கிறாரு. எஸ்டர்னா என்னண்ணே? செடிய புடுங்கிட்டு வேற விதைக்கவா?

பதில்: தம்பி, முதல்ல செடிய புடுங்காதீங்க, அதுக்கு கடைசில வரேன்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. களைய கொல்ற சரக்கு ஒண்ணுதான், 2,4-டிங்கிறது ஒரு அமிலம். அத அப்படியே தண்ணில கலக்கினா சரியா கரையாது, அதனால கம்பெனிக்காரங்க அத வேற ஒண்ணோட சேத்து விக்கிறாங்க. சோடியத்தோட சேத்தா சோடியம் சால்ட், 80 டபிள்யூபின்னு பவுடரா வரும். அமைனோட சேத்தா அமைன் சால்ட், 58 எஸ்எல்னு தண்ணில கரையற திரவமா வரும். ஆல்கஹாலோட சேத்தா வர்றதுதான் எஸ்டர். ஒரு அமிலமும் ஒரு ஆல்கஹாலும் சேரும்போது நடுவுல ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டு போயி மிச்சம் ரெண்டும் ஒட்டிக்கும், அவ்ளோதான் எஸ்டர்ங்கிற வார்த்தைக்கு அர்த்தம். உங்க டப்பால இருக்கிறது எத்தில் ஆல்கஹாலோட ஒட்டினது, அதான் எத்தில் எஸ்டர். இசின்னா தண்ணில ஊத்தினா பால் மாதிரி கலக்கற எண்ணெய் மருந்து.

இதுல என்ன வில்லங்கம்னா, சின்ன எஸ்டர் எல்லாம் லேசா ஆவியாகும். பழுத்த வாழைத்தார வீட்டுக்குள்ள வச்சா வாசல் வரைக்கும் மணக்குதுல்ல, அந்த வாசத்துக்கு முக்கிய காரணமே இப்படிப்பட்ட எஸ்டர்தான். கடலை எண்ணெயும் எஸ்டர்தான், ஆனா அது பெரிய மூலக்கூறு, பறக்காம கெடக்கும். எத்தில் எஸ்டர் சின்ன வகை. உங்க பங்காளி அடிச்சப்ப காத்து இல்ல, நெசந்தான், ஆனா மருந்து மக்காச்சோள இலை மேலயும் மண்ணு மேலயும் உக்காந்திருக்கும், வெயில் ஏற ஏற அதுலருந்து ஆவி கெளம்பி நகந்து வந்திருக்கும், அப்ப வரப்புல யாரும் நின்னிருக்க மாட்டீங்க. அவர் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, டப்பாவ மாத்தி வாங்கினதுதான் தப்பு. அமைன் சால்ட்டும் சோடியம் சால்ட்டும் இப்படி ஆவியாகி வர்றது ரொம்ப கம்மி. ஆனா காத்துல சாரல் அடிச்சா அதுவும் பருத்திய கெடுக்கும், அத மறந்துடாதீங்க.

அப்புறம் எதுக்கு எஸ்டர் விக்கிறாங்கன்னு கேப்பீங்க. இலை மேல மெழுகு மாதிரி ஒரு படலம் இருக்கு, எஸ்டர் எண்ணெய்ப் பசை உள்ளதுங்கிறதால அதுல சட்டுனு எறங்கிடும், மழை வந்தாலும் அவ்ளோ சீக்கிரம் கழுவிட்டு போகாது, உப்புத்தண்ணி போர்லயும் வேலை செய்யும். சால்ட் வகை கடின நீர்ல கொஞ்சம் மந்தமாயிடும். செடிக்குள்ள போனதும் எஸ்டர் ஒடைஞ்சு பழையபடி அமிலமாயிடும், அந்த அமிலந்தான் செடியோட வளர்ச்சி ஹார்மோன் மாதிரி நடிச்சு கண்டபடி வளர வைக்குது. புல் வகை தாங்கிக்கும், அகல இலை தாங்காது. பருத்தி அதுலயும் ரொம்ப ரோசக்காரி, துளி பட்டாலும் காட்டிக்குடுத்துடும். நான் ஒரு தடவ ரெண்டு பக்கெட்டுல கலந்து பாத்தேன், எஸ்டர் ஊத்தினதும் தண்ணி பால் மாதிரி வெள்ளையாயிடுச்சு, அமைன் ஊத்தினது தெளிவா கரைஞ்சுது. லேபிள் கிழிஞ்ச டப்பான்னா இப்படியே கண்டுபிடிச்சிடலாம், எஸ்டர்ல நெடியும் தூக்கலா இருக்கும்.

இன்னொரு சந்தேகமும் தீத்துக்கோங்க. வரப்போரம் அதிகமாவும் உள்ள போகப்போக கொறைவாவும் இருந்தா பக்கத்து காட்டுலருந்து வந்தது. காடு முழுக்க ஒரே மாதிரி இருந்தா உங்க டேங்க்தான் காரணம், பூச்சி மருந்து அடிக்க யாருகிட்டயாவது ஸ்பிரேயர் இரவல் வாங்கினீங்களா? எண்ணெய்ப் பசைங்கிறதால எஸ்டர் ரப்பர் ஹோஸ்லயும் வாஷர்லயும் ஒட்டிக்கும், வெறும் தண்ணில ரெண்டு அலசு அலசினா போகாது. சலவை சோடா கரைச்சு ராத்திரி முழுக்க ஊற வச்சு, நாசில் வழியாவும் அடிச்சு விட்டு அலசணும். என்னைக் கேட்டா களைக்கொல்லிக்கு தனி டேங்க்தான் நல்லது.

இப்ப செடிக்கு வருவோம். மாத்து மருந்துன்னு ஒண்ணும் கெடையாது, எவனாவது டானிக் குடுத்தா காச வீணாக்காதீங்க. முக்கியமா சப்பை, அதாவது பூமொட்டு, கொட்டாம இருக்க என்ஏஏன்னு ஒரு மருந்து அடிப்போம்ல, அதுவும் இதே ஹார்மோன் ஜாதிதான், இப்போதைக்கு அது வேண்டவே வேண்டாம். ஈரம் இருக்கும்போது வழக்கமான மேலுரத்த குடுத்துட்டு பொறுத்திருங்க. கெட்டுப்போன இலை திரும்ப விரியாது, அத பாக்காதீங்க, புதுசா வர்ற கொழுந்த பாருங்க. 45 நாள்ல லேசா பட்டிருந்தா பக்கக்கிளை வெடிச்சு பெரும்பாலும் தேறிடும், கொஞ்சம் லேட்டா காய் புடிக்கும். நுனி கருகி தண்டு வெடிச்ச செடி நெறைய இருந்தா கதை வேற, அப்ப உங்க ஊர் வேளாண் உதவி அலுவலர கூட்டிவந்து காட்டுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு, வரப்போரம் ஒரு செடி, நடுக்காட்டுல ஒரு செடி, ரெண்டோட கொழுந்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன்.