சரிந்த சுவரில் அலுமாரி வைக்க முடியாது: பிரமிட் கட்டடங்கள் பற்றிக் கேள்வி பதில்

இந்த முறை பிரமிட் வடிவக் கட்டடங்களைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் வாஸ்து தொடக்கம் வடகொரியா வரை கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கட்டமைப்புப் பொறியியலாளர். கொழும்பில் கொங்கிறீற், இரும்பு, மழைத்தண்ணீர் மூன்றோடும் மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணால் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன். எகிப்துப் பக்கம் போகவில்லை. அது கல்லறை, உள்ளே இருப்பவர் யன்னல் கேட்கவில்லை.

வெள்ளவத்தை: அக்கா, எங்களிடம் 6 பேர்ச்சஸ் காணி இருக்கு. பிரமிட் மாதிரி மூன்று மாடி வீடு கட்ட வேணும் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இடம் காணுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம் தங்கச்சி, அவருக்கும் காட்டுங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 6 பேர்ச்சஸ் என்றால் 1,633 சதுர அடி. முன்னால் பின்னால் விட வேண்டியதை விட்டுவிட்டு 32 அடிக்கு 32 அடி அடித்தளம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்ச்சுவரில் மூன்று மாடி கட்டினால் மொத்தம் 3,072 சதுர அடி.

இப்போது அதே அடித்தளத்தில் 32 அடி உயரத்துக்கு ஒரு பிரமிட். மாடிக்கு மாடி 10 அடி. ஒவ்வோர் அடி மேலே போகும்போதும் அகலத்தில் ஓர் அடி குறையும். ஆகவே முதல் தளம் 32 அடி, இரண்டாவது 22 அடி, மூன்றாவது 12 அடி. கூட்டினால் 1,652 சதுர அடி. பாதிக்குமேல் இருக்கிறதே என்று அவர் சொல்லுவார். அவசரப்பட வேண்டாம். சுவர் உள்பக்கம் சரிகிறது. ஓரத்துக்குப் போனால் தலை இடிக்கும். ஆறடி உயரமாவது இருக்கிற இடத்தை மட்டும் எண்ணினால் தளங்கள் 26, 16, 6 அடியாகச் சுருங்கிவிடும். மொத்தம் 968 சதுர அடி. நேர்ச்சுவர் வீட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேல்தளத்தில் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் 36 சதுர அடி. சாமியறை வைக்கலாம், சாமி கும்பிடுகிறவர் ஒருவராக இருந்தால்.

அதோடு அலுமாரி. சரிந்த சுவரில் அலுமாரி ஒட்டி நிற்காது, திரைச்சீலை தொங்கும் இடத்துக்கும் யன்னலுக்கும் நடுவே ஓர் ஆள் போகலாம், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் கை எட்டாத முக்கோணம் ஒன்று தூசி சேர்க்கும். கொழும்பு 6இல் காணி விலையை நீங்களே அறிவீர்கள். அந்த விலை கொடுத்து வாங்கிய காணியில் ஆகாயத்துக்கு இடம் விட்டுக்கொடுப்பது அவரவர் மனசு.

மொறட்டுவை: கட்டடக்கலை படிக்கிறேன். பேரே வாவிக் கரையில் கண்ணாடிப் பிரமிட் நூலகம் ஒன்று வரைந்தேன். "வாசகர்கள் வெந்துபோவார்கள்" என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார். பாரிஸில் லூவர் பிரமிட் நன்றாகத்தானே இருக்கிறது?

உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி.

லூவர் பிரமிட்டை ஐ.எம்.பெய் வடிவமைத்தார், 1989இல் திறந்தார்கள். உயரம் 21.6 மீற்றர். அது மனிதர் மணிக்கணக்காக இருந்து வாசிக்கும் இடமல்ல, நிலத்தடிக்கு இறங்கும் வாசல். பாரிஸ் 48 பாகை வடக்கில் இருக்கிறது, வெயில் சாய்ந்து விழும். அப்படியும் கோடையில் உள்ளே கண்ணாடிக் கூடு போலச் சூடேறுகிறது, சத்தமும் எதிரொலிக்கிறது என்று அந்த அருங்காட்சியகத்தின் தலைவரே 2025 ஜனவரியில் அமைச்சுக்கு எழுதிய குறிப்பு வெளியே வந்தது.

இனிக் கொழும்புக்கு வாருங்கள். நாம் 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று பத்திரிகையில் போடுவார்களே, அந்த நாட்களில் மத்தியான வெயில் செங்குத்தாக இறங்கும். நேர்ச்சுவரை அது தொடாது. சுவருக்குப் பக்கத்தால் நழுவி நிலத்தில் விழும். காலை மாலையில் கிழக்கு மேற்குச் சுவர்கள் வாங்கும் அடியை ஒரு தாழ்வாரம் தடுத்துவிடும். 51 பாகை சரிந்த முகம் என்றால், அதே மத்தியானத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரும் நேர் வெயிலின் 63 சதவீதத்தை வாங்குகிறது. அதுவும் நான்கு முகமும் ஒரே நேரத்தில். வேறு எந்தச் சாதாரணக் கட்டடத்திலும் நான்கு பக்கமும் ஒன்றாக வெயில் காயாது.

பிரமிட் என்பது சுவரே இல்லாத, தாழ்வாரமும் இல்லாத தனிக்கூரை. நம்முடைய காலநிலையில் கூரையைவிடத் தாழ்வாரம் முக்கியம். ஜெஃப்ரி பாவா 1982இல் கோட்டேயில் நாடாளுமன்றத்தைக் கட்டியபோது செம்புக் கூரைகளை எவ்வளவு தூரம் வெளியே இழுத்து நிழல் விட்டிருக்கிறார் என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள். அதிலும் சரிவு இருக்கிறது; ஆனால் சரிவு தலைக்கு மேல், சுவர் நிழலில்.

கனடாவின் எட்மன்டனில் 1976இல் நான்கு கண்ணாடிப் பிரமிட்கள் கட்டினார்கள். உள்ளே இருப்பவை செடிகள். வெளியே பனி. அங்கே அந்தச் சூடுதான் வேண்டியது.

வடிவத்தை விட மனமில்லை என்றால் கண்ணாடியை வடக்கு முகத்தில் மட்டும் வையுங்கள், மற்ற மூன்றையும் காற்றிடைவெளி விட்ட இரட்டைக் கூரையாக மூடுங்கள். ஆனி, ஆடியில் வடக்கிலும் வெயில் வரும். அதற்கு வெளிப்புறத்தில் பலகைத் தடுப்பு. அப்படி வரைந்து கொண்டுபோனால் திருப்பித் தருவது கஷ்டம்.

பம்பலப்பிட்டி: சான் பிரான்சிஸ்கோவின் ட்ரான்ஸ்அமெரிக்கா கட்டடம் பூகம்பத்துக்காகத்தான் அந்த வடிவமா?

முதற்காரணம் வெளிச்சம். வில்லியம் பெரெய்ரா வரைந்த அந்த 48 மாடிக் கட்டடம் 1972இல் முடிந்தது. உயரம் 260 மீற்றர். மேலே ஒடுங்கினால் தெருவுக்கு வெயிலும் காற்றும் வரும் என்பது அவர் வாதம். அந்த நேரம் ஊரில் பலர் அதைக் கண்டபடி திட்டினார்கள்; இப்போது அந்த ஊரின் அடையாளமே அதுதான்.

ஆனால் பொறியியல் லாபமும் உண்டு. காற்று ஒரே அளவாக அடிக்கிறது என்று வைத்தால், நேரான கட்டடத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புதிறனில் மூன்றில் ஒரு பங்குதான் அதே அகலமும் உயரமும் உள்ள முக்கோண முகத்தில் வரும். பரப்பு பாதி, அந்த விசை தாக்கும் இடமும் பாதி உயரத்திலிருந்து மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடுகிறது. உண்மையில் உயரப் போகக் காற்று கூடும் என்பதால் லாபம் இன்னும் அதிகம். பூகம்பத்திலும் மேலே எடை குறைவு, ஆட்டமும் குறைவு. 1989 ஒக்டோபரில் லோமா ப்ரியேட்டா பூகம்பம் வந்தபோது உச்சி ஏறக்குறைய ஓர் அடி ஆடியது, சேதமில்லை. அடிமாடிகளைச் சுற்றிக் குறுக்குமறுக்காக முக்கோணச் சட்டங்கள் தெரியுமே, அதற்கும் அதில் பங்கு உண்டு.

விலை எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? 5ஆம் மாடியின் ஒரு பக்கம் 145 அடி, 48ஆம் மாடியின் ஒரு பக்கம் 45 அடி. பரப்பில் பத்து மடங்கு வித்தியாசம். மின்தூக்கியோ மேலே போகப்போகச் சுருங்காது. அதனால்தான் கட்டடத்தின் மேற்பாதியில் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது: ஒன்றுக்குள் மின்தூக்கி, மற்றதற்குள் படிக்கட்டும் புகைபோக்கியும். அழகுக்கு வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உச்சியில் கடைசி 65 மீற்றர் அலுமினியத் தகடு போர்த்திய வெறும் கூம்பு. வாடகைக்கு விட முடியாத இடம்.

யன்னல் துடைப்பதற்கு மட்டும் கெட்டித்தனமான வழி வைத்தார்கள். யன்னல்களை முழுச்சுற்றுச் சுழற்றலாம், உள்ளே நின்றபடியே வெளிப்பக்கத்தைத் துடைக்கலாம்.

மட்டக்குளி: லாஸ் வேகாஸ் லக்ஸரில் லிஃப்ட் சரிவாகப் போகுமாமே?

ஆம், 39 பாகைச் சரிவில் மூலையோரமாக ஏறும். 1993இல் திறந்த 30 மாடி ஹோட்டல் அது. அறைகள் சரிந்த முகத்தில் ஒட்டியிருக்கும், நடைபாதை உள்ளே உள்ள பெரிய வெற்றிடத்தைப் பார்த்திருக்கும். படுத்தால் யன்னல் தலைக்கு மேல் சாய்ந்து வரும். சிலருக்கு அது பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை: எங்கள் பொன்னம்பலவாணேசர் கோயில் கோபுரமும் பிரமிட்தானே? நாங்கள் முந்தியே கட்டிவிட்டோம் என்று சொல்லலாமா?

ஐயா, பெருமைப்படுவதற்குத் தடையில்லை, ஆனால் வேலை வேறு. கோபுரத்தின் அடி நீள்சதுரம். முடிவது கூரான உச்சியில் அல்ல, வரிசையாகக் கலசங்கள் நிற்கும் வண்டிக்கூடு போன்ற சிகரத்தில். நடுவில் வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதால், அந்த வாசலுக்கு மேல் எவ்வளவு எடையை ஏற்றலாம் என்பதுதான் அங்கே கேள்வி. பல கோபுரங்களில் அடி கருங்கல், மேலே செங்கலும் சுதையும். எடையைக் குறைத்துக்கொண்டே மேலே போகிறார்கள்.

பிரமிட்டுக்குக் கிட்ட வருவது கோபுரமல்ல, விமானம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சதுர அடியில் தொடங்கி 13 நிலைகளாக ஒடுங்கும், உள்ளே கூடு. நம் நாட்டிலேயே வேண்டுமென்றால் பொலன்னறுவையில் சத்மஹல் பிரசாதம் இருக்கிறது: ஏழடுக்குப் படிப் பிரமிட். சுற்றுலாப் பேருந்துகள் அதை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும்; நீங்கள் இறங்கி நின்று பாருங்கள்.

வெள்ளவத்தை: பிரமிட்டுக்குள் இருந்தால் சக்தி கூடும் என்று செம்பில் ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

அழகாக இருந்தால் வாங்குங்கள். சக்திக்கென்றால் அந்தக் காசுக்குக் கீரை வாங்குங்கள்.

கொம்பனித்தெரு: பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ஆல்டெயர் கட்டடமும் பிரமிட் வகையா?

இல்லை. மோஷே சஃப்டி வடிவமைத்த 240 மீற்றர்க் கட்டடம் அது: நேராக நிற்கும் கோபுரத்தில் இன்னொன்று சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கோபுரத்தில் மாடிகள் சுருங்கவில்லை, ஒவ்வொன்றும் சற்றுத் தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே பிரமிட் கொடுக்கும் இட நட்டம் அதில் கிடையாது. மாறாக, சாய்ந்தது எப்போதும் மற்றதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைத் தாங்கும் கணக்குத்தான் அங்கே தலையிடி.

தெமட்டகொட: பிரமிட் கட்டடங்கள் ஏன் இப்படி வெறுமையாகக் கிடக்கின்றன? வடகொரியா ஹோட்டல், அமெரிக்காவின் மெம்பிஸ் நகர அரங்கு...

இரண்டையும் ஒரே கதையாக்க வேண்டாம். பியோங்யாங்கின் ரியூக்யோங் ஹோட்டலை 1987இல் தொடங்கி 1992இல் காசில்லாமல் நிறுத்தினார்கள். 330 மீற்றர், 105 மாடி, முழுக்கக் கொங்கிறீற். அந்த எடைக்குக் கீழே அகலம் வேண்டியிருந்தது. பிறகு கண்ணாடி போர்த்தினார்கள், விருந்தாளிதான் இன்னும் வரவில்லை. அது வடிவத்தின் குற்றமல்ல.

மெம்பிஸில் வடிவத்துக்கும் பங்கு உண்டு. 1991இல் 98 மீற்றர் உயரத்தில் 20,000 பேர் இருக்கும் விளையாட்டரங்கு கட்டினார்கள். கூடைப்பந்து அணி 2004இல் வேறு அரங்குக்குப் போனது. நேரான கட்டடம் என்றால் கந்தோராக்கலாம், களஞ்சியமாக்கலாம். இதில் நடுவே பிரமாண்ட வெற்றிடம், ஓரத்தில் ஒடுங்கிய மூலைகள். கடைசியில் 2015இல் தூண்டிலும் துவக்கும் விற்கும் கடையாக்கி, உள்ளே குளமும் மரங்களும் ஒரு ஹோட்டலும் வைத்தார்கள். வெற்றிடத்தை வெற்றிடமாகவே விற்கத் தெரிந்தவன்தான் அதை மீட்டான்.

வடிவம் பொருந்தி வந்த இடம் என்று கேட்டால் நான் கஸக்ஸ்தானின் அஸ்தானாவைச் சொல்வேன். நார்மன் ஃபோஸ்டர் 2006இல் கட்டிய சமாதான மாளிகை, 62 மீற்றர் அடி, 62 மீற்றர் உயரம். கீழே ஏறக்குறைய 1,500 பேருக்கான ஒபரா அரங்கு, உச்சியில் சமயத் தலைவர்கள் கூடும் சிறிய வட்ட மண்டபம், அதற்கு மேல் வண்ணக் கண்ணாடி. தேவையே மேலே போகச் சுருங்குகிறது, கட்டடமும் சுருங்குகிறது.

வத்தளை: மழைக்கு எப்படி? எங்கள் தட்டை சிலாப் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஒழுகுது. பிரமிட் என்றால் தண்ணி நிற்காதே?

நிற்காது, உண்மை. ஆனால் எல்லாத் தண்ணீரும் அடிக்கே வருகிறது. 10 மீற்றருக்கு 10 மீற்றர் அடி என்றால், மணிக்கு 100 மில்லிமீற்றர் கொட்டும் மழையில் ஒரு மணித்தியாலத்தில் 10,000 லீற்றர் உங்கள் வாசற்படிக்கு இறங்கும். பீலி சிறியதாக இருந்தால் கதவடியால் உள்ளே வரும். ஒழுகுவது முகத்தில் அல்ல, இரண்டு முகம் சேரும் மூலை முகட்டில். அங்கே இடைவெளியை அடைக்கும் சீலன்ட் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். இன்னொன்று பாசி. தாழ்வாரம் இல்லாத சரிந்த கொங்கிறீற் முகம், கொழும்பு ஈரத்தில் இரண்டு மழைக்காலம் கண்டால் கறுத்துக் கோடு கோடாக வழியும். வருடாவருடம் கழுவ ஆள் பிடிக்க வேண்டும், அவர் நிற்பதற்கு அந்தச் சரிவில் இடமும் இல்லை. உங்கள் சிலாப்புக்கு மேல் தகரக் கூரை போடுங்கள், மலிவு.

தெஹிவளை: மகன் தரம் 8. கண்காட்சிக்கு லூவர் பிரமிட் மாதிரி செய்யப் போகிறான். அதில் 666 கண்ணாடி, அது சாத்தானின் எண் என்று யாரோ சொல்லிப் பயப்படுத்தியிருக்கிறார்கள். சரியா? அளவு சொல்லித் தருவீர்களா?

673 கண்ணாடி. பயப்படத் தேவையில்லை, தம்பியே எண்ணிப் பார்க்கட்டும். ஒரு முழு முகத்தின் அடிவரிசையில் 18 முக்கோணம். அதற்கு மேல் 17 சாய்சதுரம், அடுத்தது 16, அப்படியே உச்சியில் 1. கூட்டினால் 153 சாய்சதுரம். முக்கோணத்தோடு 171. மூன்று முகத்துக்கு 513. வாசல் உள்ள நான்காவது முகத்தில் 9 சாய்சதுரமும் 2 முக்கோணமும் குறைவு, ஆக 160.

மாதிரிக்கு அடி 36 சென்ரிமீற்றர் எடுங்கள். ஒவ்வொரு முகமும் அடி 36, அடியின் நடுப்புள்ளியிலிருந்து உச்சிவரை 28.4 சென்ரிமீற்றர் உள்ள இருசமபக்க முக்கோணம். அடிக்கோட்டில் 2 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு சாய்ந்த பக்கங்களுக்கும் சமாந்தரமாகக் கோடு இழுத்தால் கட்டங்கள் தாமாக வந்துவிடும். கிடைக்கோடு போட வேண்டாம். பெய் கண்ணாடிகளைப் பிரித்த சட்டத்தில் அது இல்லை. கார்ட்போர்ட்டில் செய்யாமல் கண்ணாடித் தாளில் கறுப்பு மார்க்கரால் வரையச் சொல்லுங்கள். மூலைகளை உள்பக்கமாக டேப் ஒட்டி, அடியில் ஒரு சிறிய டோர்ச் வைத்தால் போதும். வாசல் முகத்தைக் கடைசியாக ஒட்டட்டும், டோர்ச்சை மாற்றக் கை போக வேண்டும்.